காது எல்லாவற்றையும் கேட்கிறது; மூளை எதை நமக்குச் சொல்கிறது?

“தாத்தாவுக்கு வேண்டியது மட்டும் காதில் விழும்.” “மில்லில் இத்தனை வருஷம் வேலை பார்த்தாச்சு, அந்தச் சத்தம் பழகிப்போச்சு, ஒன்றும் செய்யாது.” “காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம், சரியில்லை என்று பீரோவில் போட்டுவிட்டார்.” இந்த மூன்று பேச்சையும் கேட்காத தமிழ்க் குடும்பம் அபூர்வம். மூன்றும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. கேட்பது முழுக்கக் காதின் வேலை என்று நினைத்துக்கொள்வதுதான் அந்த இடம்.

காது சத்தத்தைப் பிடித்து அனுப்புகிறது, அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம் (கொஞ்சம் கூடுதலாகவும் செய்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்). வந்ததில் எதைத் தூக்கிக் காட்டுவது, எதை அமுக்குவது, எதை நமக்குத் தெரியாமலே ஒதுக்குவது, விட்டுப்போன இடத்தில் எதைப் போட்டு நிரப்புவது என்பதையெல்லாம் மூளை முடிவு செய்கிறது. நம் அனுமதியைக் கேட்டுச் செய்வதில்லை.

## டீக்கடையில் ஒரு சோதனை

அடுத்த முறை நண்பரோடு டீக்கடையில் உட்காரும்போது போனில் குரல் பதிவை ஓடவிட்டு மேசைமேல் வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து கேட்டுப் பாருங்கள். டம்ளர் கழுவும் சத்தம், பாய்லர் ஆவி, பஸ் ஹாரன், பின்பெஞ்சில் யாரோ சீட்டுப் பணம் பற்றிப் பேசுவது எல்லாம் நண்பரின் குரலுக்குச் சமமாக முட்டிக்கொண்டு வரும். அவர் பேசியதில் பாதி புரியாது. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னதில் ஒரு வார்த்தையையும் நீங்கள் விடவில்லை. பின்பெஞ்சுப் பேச்சு நடந்ததே உங்களுக்குத் தெரியாது.

போனிடம் மைக் இருக்கிறது. மைக் செட்காரர் இல்லை.

கோயில் திருவிழாக் கச்சேரியில் மேடைக்குப் பக்கவாட்டில் குமிழ்கள் நிறைந்த பெட்டியோடு அவர் உட்கார்ந்திருப்பார். மேடையில் இருக்கும் எல்லா மைக்கின் சத்தமும் அவரிடம்தான் வருகிறது. பாடகர் வாயைத் திறந்தால் அந்தக் குமிழை ஏற்றுவார். தவில் அடி பலமாக விழப்போகிறது என்று தெரிந்தால் விழுவதற்கு முன்பே அதைக் குறைப்பார். கூட்டத்தில் குழந்தை அழுவதைப் பிடிக்கும் மைக்கை மூடியே வைத்திருப்பார். கூட்டத்துக்குக் கேட்பது மேடையில் நடந்த சத்தம் அல்ல, அவர் கலந்து அனுப்பியது. மூளை செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஒரே வித்தியாசம், மூளையில் ஒருவர் இல்லை. வழி நெடுக ஒவ்வொரு நிலையத்திலும் ஒருவர் உட்கார்ந்து ஆளுக்கொரு குமிழைத் திருகுகிறார்.

## காதிலிருந்து மூளைக்கு

சத்தம் என்பது காற்றில் வரும் அதிர்வு. அது செவிப்பறையை ஆட்ட, நடுக்காதிலுள்ள மூன்று குட்டி எலும்புகள் அந்த ஆட்டத்தை உள்காதுக்குக் கடத்துகின்றன. உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஒரு குழல் இருக்கிறது. அதன் பெயர் காக்ளியா. அதற்குள் வரிசையாக முடிச்செல்கள். தலையில் மெல்லிய இழைகள் கொண்ட இந்தச் செல்கள்தான் அதிர்வை மின்சைகையாக மாற்றுகின்றன. காக்ளியாவின் ஒரு முனை கீச்சுக் குரலுக்கு, மறுமுனை கனத்த குரலுக்கு என்று இடம் பிரித்து வைத்திருக்கிறது.

ஒரு காதில் முடிச்செல்கள் மொத்தம் சுமார் 15,000 தான். அதில் உள்வரிசையில் இருக்கும் சுமார் 3,500 செல்கள்தான் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. வெளிவரிசையில் இருக்கும் சுமார் 12,000 செல்கள் வேறு வேலை பார்க்கின்றன: சத்தம் வரும்போது தாங்களே நீண்டு சுருங்கி, மெல்லிய சத்தத்தை அங்கேயே பெரிதாக்குகின்றன. இப்படி ஆடும்போது காதிலிருந்து ஒரு மெல்லிய ஒலி வெளியேயும் வருகிறது. 1978-இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் இதை அளந்து காட்டியபோது பலர் நம்பவில்லை. இன்று பிறந்த குழந்தையின் காதில் சின்னக் குச்சி போன்ற கருவியை வைத்துச் செய்யும் பரிசோதனை இந்த ஒலியைத் தேடுவதுதான். காது பதில் கொடுத்தால் வெளிவரிசைச் செல்கள் வேலை செய்கின்றன என்று பொருள்.

காக்ளியாவிலிருந்து சைகை போகும் வழி: மூளைத்தண்டு, தலாமஸ் (மூளையின் நடுவில் உள்ள ஓர் இடைநிலையம்), கடைசியில் பெருமூளைப் புறணி. புறணி என்றால் மூளையின் மேல் மடிப்பு. காதுக்கு மேலே பக்கவாட்டில் உள்ள பகுதிதான் கேட்பதைக் கவனித்துக்கொள்கிறது. பலருக்குத் தெரியாத விஷயம், இந்தப் பாதை ஒருவழி அல்ல. புறணியிலிருந்து தலாமஸுக்கும், அதற்குக் கீழேயும், கடைசியில் காக்ளியா வரைக்கும் நரம்புகள் திரும்பிப் போகின்றன. அதாவது மேலே இருப்பவர் “இதைக் கொஞ்சம் குறை” என்று கீழே சொல்லி அனுப்ப முடியும்.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: காதுக்குள் எல்லாச் சத்தமும் நுழைகிறது. கண்ணுக்கு இமை இருப்பதுபோலக் காதுக்கு மூடி கிடையாது. வடிகட்டுவது உள்ளே போன பிறகு, பல கட்டங்களில்.

## இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால்

1953-இல் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார். ஹெட்போன் மாட்டி, வலது காதில் ஒரு பேச்சு, இடது காதில் வேறொரு பேச்சு. கேட்பவர் ஒரு காதில் வருவதை மட்டும் உடனுக்குடன் வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதைச் சிரமமில்லாமல் செய்துவிட்டார்கள். அப்புறம், “மற்றக் காதில் என்ன வந்தது?” என்று கேட்டபோது ஏதோ பேச்சு என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. நடுவில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. ஆனால் ஆண் குரல் பெண் குரலானதையும், பேச்சுக்குப் பதில் வெறும் ‘பீப்’ வந்ததையும் கண்டுபிடித்தார்கள்.

ஒதுக்கிய காதில் குரல் எப்படிப்பட்டது என்று மூளை பார்த்துக்கொண்டிருந்தது, என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. பல சத்தங்களில் ஒன்றை மட்டும் முன்னால் இழுத்து வைக்கும் இந்தத் திறனுக்குக் கவனத் தேர்வு என்று பெயர்.

1959-இல் நெவில் மோரே இதில் ஒரு திருகல் வைத்தார். ஒதுக்கிய காதில் ஒரே சொல்லை 35 தடவை சொன்னாலும் யாருக்கும் நினைவில்லை. ஆனால் அதே காதில் அவரவர் பெயரைச் சொன்னபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பிடித்துவிட்டார்கள். முழுதாக அடைத்துவிட்ட காதில் பெயர் மட்டும் எப்படி நுழையும்? ஆன் ட்ரீஸ்மன் என்ற உளவியலாளர் கொடுத்த விடை இன்றும் நிற்கிறது: ஒதுக்கிய சத்தத்தை மூளை துண்டிப்பதில்லை, குறைத்து வைக்கிறது. சொந்தப் பெயர், ஆபத்து அறிவிப்பு போன்ற சில சொற்களுக்கு அந்தக் குறைந்த சத்தமே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பின்னால் நடந்த சோதனைகளில், ஒதுக்கிய காதில் தன் பெயரைப் பிடித்தவர்களில் அதிகம் பேர் கவனத்தைக் கட்டிவைக்கச் சிரமப்படுகிறவர்களாக இருந்தார்கள். ஆக, பெயர் சொன்னதும் திரும்பிப் பார்ப்பது கூர்மையான காதுக்கு அடையாளம் இல்லை. ஒரு வேலையில் ஆழ்ந்திருப்பவர் கூப்பிட்டும் திரும்பவில்லை என்றால் அவர் திமிர் பிடித்தவர் என்றும் ஆகிவிடாது.

இது வெறும் ஊகமா, மூளைக்குள் நிஜமாகவே நடக்கிறதா? 2012-இல் நிமா மெஸ்கரானி, எட்வர்ட் சாங் இருவரும் சான் பிரான்சிஸ்கோவில் நேரடியாகவே பார்த்தார்கள். வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைக்காக மூளைமேல் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த சில நோயாளிகளுக்கு இருவர் ஒரே நேரத்தில் பேசும் பதிவைப் போட்டார்கள். புறணியிலிருந்து வந்த சைகையை வைத்து ஒலியைத் திரும்ப வரைந்தபோது, நோயாளி கவனித்த குரல்தான் பளிச்சென்று வந்தது, கிட்டத்தட்ட அந்தக் குரல் மட்டுமே ஒலித்ததுபோல. நோயாளி தவறான குரலைப் பின்தொடர்ந்தபோது அதுவும் சைகையில் தெரிந்தது.

இந்தப் பிரித்தலுக்கு இரண்டு காதும் வேண்டும். வலப்பக்கச் சத்தம் வலது காதுக்கு ஒரு துளி முன்னதாக வருகிறது. அந்த வித்தியாசம் அதிகபட்சம் 0.7 மில்லிநொடிதான், ஆனால் மூளை ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு வரை பிரித்தறிந்து திசையைச் சொல்கிறது. நெரிசலான இடத்தில் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு எதிரில் இருப்பவர் பேச்சைப் பின்தொடர்ந்து பாருங்கள், உடனே புரியும். ஒரு காது மட்டும் பழுதானவர்கள் அமைதியான அறையில் நன்றாகப் பேசிவிட்டு மண்டபத்தில் தடுமாறுவதும் இதனால்தான். டீக்கடைப் பதிவு குழம்பியதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

எதிரொலியையும் மூளை இதே போக்கில் அமுக்குகிறது. ஒரே சத்தம் நேராக ஒரு தடவையும் சுவரில் பட்டு இன்னொரு தடவையும் வந்தால், இரண்டாவது சில பத்து மில்லிநொடிக்குள் வந்துவிட்டால் தனியாகக் கேட்காது. முதலில் வந்ததோடு சேர்த்து ஒன்றாக்கிவிடுகிறது. அதனால்தான் நம் வீட்டு அறைகள் எதிரொலிப்பது நமக்குத் தெரிவதில்லை.

## ஃபேன் நின்றால் தூக்கம் கலைவது ஏன்

ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் சத்தம் நமக்குக் கேட்பதில்லை. கரண்ட் போய் அது நிற்கும்போதுதான் “அட, இவ்வளவு சத்தமா ஓடிக்கொண்டிருந்தது” என்று தெரிகிறது. மாறாத சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு நரம்பு செல்கள் காட்டும் பதில் குறைந்துகொண்டே போகும். இதைப் பழகுதல் என்கிறார்கள். காதில் தொடங்கிப் புறணி வரை எல்லாக் கட்டத்திலும் இது நடக்கிறது.

பழகுதல் என்றால் மூளை அந்தச் சத்தத்தை மறந்துவிட்டது என்று பொருள் அல்ல. “அடுத்த நொடியும் இப்படித்தான் இருக்கும்” என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறது. வருவது கணக்கோடு ஒத்துப்போகும்வரை நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. கணக்கு தப்பினால் தட்டி எழுப்புகிறது. 1978-இல் ரிஸ்டோ நாத்தானென் என்ற பின்லாந்து ஆய்வாளர் இதை மூளையின் மின் பதிவில் காட்டினார். ஒரே ஒலியை வரிசையாகக் கொடுத்து, நடுவில் ஒன்றை மட்டும் கொஞ்சம் மாற்றினால், சுமார் 0.1 முதல் 0.25 நொடிக்குள் மூளையில் ஒரு தனிச் சைகை எழுகிறது. அந்த நேரத்தில் ஆள் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாலும் எழுகிறது. பிறந்த குழந்தையிடமும் இது தெரிகிறது.

தூக்கத்திலும் இந்தக் காவல் ஓயாது. தூங்குகிறவர்களிடம் பெயர்களை வரிசையாக ஒலிக்கவிட்டுப் பார்த்த 1960-ஆம் ஆண்டு ஆய்வில், மற்ற பெயர்களைவிடச் சொந்தப் பெயருக்கு மூளையின் பதில் அதிகமாக இருந்தது. பக்கத்துத் தெருவில் லாரி போனாலும் எழாத தாய், குழந்தை சிணுங்கினால் எழுந்து உட்காருவதில் மாயம் ஒன்றும் இல்லை.

## ‘பழகிப்போச்சு’ என்பதில் உள்ள ஆபத்து

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

தறிக்கூடத்திலும் கிரைண்டிங் பட்டறையிலும் ஜெனரேட்டர் பக்கத்திலும் வேலை செய்கிறவர்கள், செண்டை மேளம் வாசிப்பவர்கள், காலை முதல் இரவு வரை ஏர் ஹாரனுக்கு நடுவே பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரே சொல்: பழகிப்போச்சு. பழகியது மூளைக்கு. முடிச்செல்லுக்கு அல்ல. சத்தம் நம் நினைவுக்கு வராமல் போனாலும் அதன் அடி காக்ளியாவில் முழுசாக விழுந்துகொண்டிருக்கிறது. செத்த முடிச்செல் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. (பறவைகளுக்கு முளைக்கும். நமக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.)

சத்தத்தின் வலிமையை டெசிபல் என்ற அலகால் அளக்கிறோம். இது கூட்டல் கணக்கில் போகாது, பெருக்கல் கணக்கில் போகும்: 3 டெசிபல் கூடினால் காதில் வந்து விழும் ஆற்றல் இரண்டு மடங்கு. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 88 என்றால் 4 மணி. 91 என்றால் 2 மணி. இப்படியே பாதி பாதியாகக் குறைத்துப் போனால் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்ததும் காதில் ‘ஙொய்ங்’ என்றால், காது கணக்கைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

“ரெண்டு நாளில் சரியாகிவிட்டதே?” என்பார்கள். 2009-இல் ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் இருவரும் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு இந்த ஆறுதலைக் கெடுத்தது. பலத்த சத்தத்துக்குப் பிறகு எலிகளின் கேட்கும் திறன் சோதனையில் பழையபடி வந்துவிட்டது. முடிச்செல்களும் உயிரோடு இருந்தன. ஆனால் அவற்றை நரம்போடு இணைக்கும் முனைகளில், கீச்சொலிப் பகுதியில் பாதி வரை அழிந்திருந்தன. அமைதியான அறையில் ‘பீப்’ கேட்கும் சோதனையில் இந்த நஷ்டம் தெரியாது. கூட்டத்தில் பேச்சைப் பிரித்தெடுக்கும்போதுதான் தெரியவரும் என்று இன்று கருதுகிறார்கள்.

காதுக்கு ஒரு சொந்தப் பாதுகாப்பும் உண்டு. நடுக்காதின் கடைசி எலும்பில் ஒட்டியிருக்கும் தசை, சுமார் 6 மில்லிமீட்டர் நீளம், உடம்பில் எலும்போடு ஒட்டிய தசைகளிலேயே சிறியது. பெரிய சத்தம் வந்தால் அது சுருங்கி எலும்பை இழுத்துப் பிடிக்கிறது. (முகவாதம் வந்த சிலருக்கு அந்தப் பக்கக் காதில் சாதாரணச் சத்தமே தாங்க முடியாமல் போவது இந்தத் தசைக்குப் போகும் நரம்பும் சேர்ந்து பழுதாவதால்.) ஆனால் சத்தம் வந்த பிறகுதான் தசை இழுக்கும். பட்டாசு அதற்குள் வெடித்து முடிந்துவிடும்.

சுருக்கமாக: கேட்கவில்லை என்பதும் காதில் விழவில்லை என்பதும் வேறு வேறு. முதலாவதை மூளை பார்த்துக்கொள்ளும். இரண்டாவதற்குக் காதடைப்பானோ, இல்லை எழுந்து தள்ளிப் போவதோதான் வழி. சாதாரணப் பஞ்சு பெரிதாக உதவாது.

## சொந்தக் குரலுக்குச் சலுகை

நாம் பேசும்போது வாய்க்கு மிக அருகில் இருப்பது நம் காதுதான். ஆனாலும் நம் குரல் நம்மைத் திடுக்கிட வைப்பதில்லை. பேசு என்று வாய்த்தசைகளுக்குக் கட்டளை போகும்போதே அதன் நகல் ஒன்று கேட்கும் பகுதிக்கும் போய்விடுகிறது: “இப்போது வரப்போவது நம் சத்தம்தான்.” இதை முன்னறிவிப்பு நகல் என்று சொல்லலாம். அது கிடைத்ததும் கேட்கும் பகுதி அந்த நேரத்துக்கு மட்டும் தன் பதிலைக் குறைத்துக்கொள்கிறது.

இதன் மிகத் தெளிவான சாட்சி சுவர்க்கோழி. இரவில் கிறீச்சிடும் அந்தப் பூச்சி தன் காதுக்கே 100 டெசிபலுக்கு மேல் சத்தம் போடுகிறது. காது இருப்பதோ முன்னங்காலில். ஆனால் செவிடாவதில்லை. கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் பூலே, பெர்தோல்ட் ஹெட்விக் இருவரும் 2006-இல் காரணத்தை ஒரே ஒரு நரம்பு செல்லில் கண்டுபிடித்தார்கள். சிறகை உரசும் ஒவ்வொரு முறையும் அந்தச் செல் எழுந்து, கேட்கும் செல்களை அந்தக் கணத்துக்கு மட்டும் அடக்கிவைக்கிறது. இரண்டு கிறீச்சுக்கு நடுவே எதிரி வந்தால் கேட்கும்.

நகலும் நிஜமும் நேரம் தப்பினால் என்ன ஆகும் என்பதை வெளிநாட்டுப் போன் அழைப்பில் பலர் அனுபவித்திருப்பார்கள். நம் குரலே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதித்துத் திரும்பி வந்தால் நாக்கு குழறும், சொல் திக்கும். ‘எக்கோ அடிக்குது’ என்று போனை வைத்துவிடுவோம்.

பதிவில் நம் குரல் வேறு யாருடையதோபோல ஒலிப்பது மட்டும் இதில் சேராது. நேரில் பேசும்போது குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. பதிவில் அந்தப் பங்கு இல்லை. மற்றவர்களுக்கு நாம் எப்போதும் பதிவில் இருப்பதுபோலத்தான் கேட்கிறோம், வருத்தமாக இருந்தாலும்.

## இல்லாததையும் கேட்பது

வடிகட்டுவதோடு மூளை நிற்பதில்லை. விட்டுப்போனதை இட்டு நிரப்பவும் செய்கிறது. 1970-இல் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியப் பதிவில் ஒரு சொல்லின் நடுவிலிருந்து ஓர் ஒலியை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மிஞ்சிய ஒருவர் விடுபட்டதாகச் சொன்ன இடம் தவறு. இத்தனைக்கும் இருமல் அவர்களுக்குக் கேட்டது, எந்த இடத்தில் என்றுதான் சொல்லத் தெரியவில்லை.

கண்ணும் இதில் கைகொடுக்கிறது. 1976-இல் ஹாரி மெகர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் வெளியிட்ட சோதனையில் காதுக்கு ‘பா’ என்ற ஒலியும் கண்ணுக்கு ‘கா’ என்று அசையும் உதடும் காட்டப்பட்டன. பெரும்பாலோர் கேட்டது இரண்டும் இல்லை, ‘டா’. விஷயம் தெரிந்த பிறகும் அப்படியேதான் கேட்கிறது. கண்ணை மூடினால் உடனே ‘பா’ ஆகிவிடுகிறது.

எந்த ஒலிகள் வேறு வேறு, எவை ஒன்றுதான் என்பதை மூளை கைக்குழந்தைப் பருவத்திலேயே பதிந்துகொள்கிறது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் இந்தியின் ‘த’வையும் ‘ட’வையும் பிரித்தறிகின்றன, ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலும் பிரிக்க முடிவதில்லை. ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் கனடாவில் கண்டது இது. அந்தக் குழந்தைகளின் காதில் ஒரு குறையும் வரவில்லை. வீட்டில் அந்த வேறுபாட்டுக்கு வேலை இல்லாததால் மூளை அதை ஒதுக்கிவிட்டது. தலை, தளை, தழை மூன்றையும் தெளிவாகச் சொல்லிக்காட்டியும் வெளிமொழிக்காரர் மூன்றும் ஒன்றுதானே என்று விழிப்பது இதனால்தான். அவர் கிண்டல் செய்யவில்லை.

இதுவரை பார்த்த மூன்று வேலைகள்: வேண்டாததைக் குறைப்பது, மாறாததை மறைப்பது, விடுபட்டதை நிரப்புவது. இனி இவை தடுமாறும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம்.

## தாத்தா நடிக்கவில்லை

“கேட்கலை, கொஞ்சம் சத்தமாச் சொல்லு” என்கிறார். சத்தமாகச் சொன்னால் “ஏன் கத்துறே?” என்று கோபிக்கிறார். எந்த வீட்டிலும் சண்டையைக் கிளப்பும் இந்த முரணுக்கு உள்காதில் நேரான விளக்கம் இருக்கிறது. வயதாகும்போது முதலில் அடிபடுபவை வெளிவரிசை முடிச்செல்கள், அதாவது மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவை. அவை போனால் மெல்லிய சத்தம் மெல்லியதாகவே நின்றுவிடும். ஆனால் பெரிய சத்தத்துக்கு அந்த உதவி தேவையே இல்லை, அது முன்பு இருந்த அளவுக்கே பெரிதாகக் கேட்கும். கேட்கவே கேட்காததற்கும் தாங்கமுடியாததற்கும் இடையில் இருந்த அகலமான இடம் குறுகிவிட்டது.

இதோடு, முதலில் போவது கீச்சொலிப் பகுதி. தமிழில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த பகுதியில் இருக்கின்றன, சொல்லைச் சொல்லிலிருந்து பிரிக்கும் ச், த், க் போன்றவை உயர்ந்த பகுதியில். அதனால் பேச்சு காதில் விழுகிறது, சொல் பிடிபடுவதில்லை. “சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியலை” என்று பெரியவர்கள் சொல்வது அப்பட்டமான உண்மை. நாம் கத்தும்போது பெரிதாவது உயிரொலிகள்தான்.

மிச்சத்தை மூளை ஊகித்து நிரப்புகிறது. அமைதியான முற்றத்தில், முகம் பார்த்து, தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பேசினால் ஊகம் பலிக்கும். டிவி ஓடும் ஹாலில், முதுகுக்குப் பின்னாலிருந்து, திடீரென்று புது விஷயத்தைக் கேட்டால் பலிக்காது. ‘வேண்டியது மட்டும் காதில் விழுகிறது’ என்ற குற்றச்சாட்டு பிறப்பது இந்த வித்தியாசத்தில்தான்.

காதிலிருந்து வரும் சைகை குறைந்தால் மூளை சும்மா இருப்பதில்லை, தன் பக்கத்துக் குமிழை ஏற்றிவைக்கிறது. அப்படி ஏற்றும்போது நரம்புகளின் சொந்தச் சலசலப்பும் பெரிதாகி, இல்லாத இரைச்சலாகக் கேட்கிறது என்பதுதான் காதிரைச்சலுக்கு இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். நல்ல காதிலும் இந்தச் சலசலப்பு உண்டு. 1953-இல் கேட்கும் திறன் குறையாத 80 பேரைச் சத்தமே இல்லாத அறையில் சில நிமிடம் உட்காரவைத்தபோது 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு ஒலி கேட்டதாகச் சொன்னார்கள்.

காது மெஷின் பீரோவுக்குப் போவதற்கும் இதே கதைதான். பல வருடம் தட்டுச் சத்தம், காகிதச் சரசரப்பு, குழாய் நீர் எதுவும் வராமல் இருந்த மூளைக்கு மெஷின் மாட்டிய அன்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து கொட்டுகிறது. எதை ஒதுக்குவது என்ற கணக்கை அது மறுபடி போட வேண்டும், அதற்குச் சில வாரம் பிடிக்கும். முதல் நாளே கல்யாணத்துக்கு மாட்டிக்கொண்டு போனால் தலைவலியோடுதான் திரும்புவார். வீட்டில் அமைதியான நேரத்தில் சில மணி நேரம் என்று தொடங்கி, தினமும் மாட்டி, நேரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கேட்டல் நிபுணரிடம் திரும்பப் போய் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். கண்ணாடி போட்ட நொடியில் எழுத்து தெரிவதுபோல இது வராது என்பதை வாங்கும்போதே யாராவது சொல்லிவிட்டால் பாதி மெஷின்கள் பிழைத்துக்கொள்ளும்.

பேசுகிறவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. டிவியை நிறுத்துங்கள். சமையலறையிலிருந்து குரல் கொடுக்காமல் எதிரில் வந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நில்லுங்கள். முதலில் “பாட்டி” என்று கூப்பிட்டு, அவர் திரும்பிய பிறகு விஷயத்தைத் தொடங்குங்கள். சத்தத்தைக் கூட்டுவதைவிட வேகத்தைக் குறைப்பது உதவும். “மாத்திரை போட்டாச்சா?” என்பது இரண்டு தடவையும் பிடிபடவில்லை என்றால் மூன்றாம் தடவையும் அதையே கத்த வேண்டாம். “காலையில் சாப்பிட்டதும் போடுற பிரஷர் மாத்திரை, இன்னைக்குப் போட்டீங்களா பாட்டி?” என்று கேளுங்கள். சொற்கள் கூடினால் ஊகிக்க மூளைக்குப் பிடி கிடைக்கிறது.